ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"அயல்நாட்டுக் கல்வி பற்றிச் சிறிது நேரம் பேசுக" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது யான் பெரிதும் தயங்கினேன். யான் பயின்றது பத்தாம் வகுப்பு வரையே. இக்கரக்பூர்ப் பணிமனையில் வேலை பார்த்த என் தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால், இருபதாம் வயதில் இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் கோப்புகளோடு கழிந்தன. கடலைக் கரையில் நின்று கண்டதுண்டு, கடந்ததில்லை. என் பயணமெல்லாம் கோரமண்டல் வண்டியில் சென்னை வரை, அங்கிருந்து தஞ்சை வரை. ஆயினும், மகளை வெளிநாட்டிற்குப் படிக்க அனுப்பிய தந்தை என்னும் ஒரு தகுதி எனக்குண்டு. அத்தகுதியை மட்டும் துணைகொண்டு பேசத் துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது, விண்ணப்பம் எவ்வாறு எழுதுவது என்பனவற்றை யான் கூறப்போவதில்லை. அவற்றை நம் இளைஞர்கள் கைப்பேசியிலேயே கண்டுகொள்கிறார்கள். யான் கூறப்போவது சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாள்களைப் பற்றி. வாரத்தில் ஐந்து நாள்கள் நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டு நாள்களில் அவர்கள் யாது செய்கின்றனர்? அதைப் பற்றித்தான் எனக்கும் என் மகளுக்கும் ஒரு வழக்கு நேர்ந்தது. அவ்வழக்கில் யான் தோற்றேன். தோற்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜெர்மனியிலுள்ள யேனா என்னும் நகரத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். 1558-இல் தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அங்குள்ளது. 1846-இல் கார்ல் சைஸ் என்பார் தம் பட்டறையைத் தொடங்கிய ஊரும் அதுவே. நுண்ணோக்காடிகளும் வில்லைகளும் அவ்வூருக்குப் பெருமை சேர்த்தன. ஒளியியல் பயில விரும்பிய பெண்ணுக்கு ஏற்ற இடம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது மெய்தான். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் கட்டிக் காட்டவேண்டும். அவள் சென்ற ஆண்டில் அத்தொகை 11,208 யூரோ. 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ ஆயிற்று. அவள் சென்றபோது கட்டிய தொகை அன்றைய நம் கணக்கில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாய். ஊரிலிருந்த மனையை ஈடு வைத்து வங்கியில் கடன் பெற்றேன். அக்கணக்கிலிருந்து மாதம் 934 யூரோ மட்டுமே அவள் எடுக்கலாம்.

அவள் சென்று இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை கைப்பேசியில் அழைத்தேன். பின்னால் வண்டி ஓடும் ஒலி கேட்டது. இரயில்வேக்காரன் செவிக்கு அது தப்புமா? "எங்கேயம்மா இருக்கிறாய்?" என்றேன். "தோழிகளோடு அயலூர் போய்விட்டுத் திரும்புகிறேன் அப்பா," என்றாள். எனக்குச் சினம் மூண்டது. "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா? மனையை ஈடு வைத்தது இதற்காகவா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு என் மனைவியும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் மகளிடமிருந்து ஒரு தாள் வந்தது, கணக்குத் தாள்! எழுத்தன் மகளல்லவா? வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம். ரொட்டி, அவித்த முட்டை, ஆப்பிள் ஆகியவை வீட்டிலிருந்தே கொண்டுசென்றவை. குடிநீர்ப் புட்டியும் வீட்டினதே. தேநீர் ஒரு முறை: இரண்டரை யூரோ. பயணக் கட்டணம்: சுழி. அந்தச் சுழியின்மேல்தான் என் பேனா நின்றது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்தவன் எளிதில் நம்புவேனா? விளக்கம் கேட்டேன்.

ஜெர்மனியில் 2023 மே மாதம் முதல் ஒரு மாதச் சீட்டு வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் அதன் விலை 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 யூரோ. 2026 ஜனவரியில் 63 யூரோ. மாணவர்க்குப் பல பல்கலைக்கழகங்களில் இதனினும் குறைந்த விலையில் கிடைக்கும். அதனைக் கையில் வைத்திருப்பவர் நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், நகர இரயில், வட்டார இரயில் ஆகிய அனைத்திலும் ஏறலாம். நெடுந்தொலைவு செல்லும் அதிவிரைவு வண்டிகளில் மட்டும் அது செல்லாது. அன்றாடம் வகுப்புக்கும் வேலைக்கும் செல்வதற்காகவே என் மகள் அச்சீட்டை வாங்கியிருந்தாள். ஆகவே, சனிக்கிழமைப் பயணத்திற்குத் தனிச் செலவு இல்லை. நம் மொழியில் சொன்னால், பாசஞ்சர் வண்டியில் மாறி மாறி ஏறிச் செல்லப் பொறுமை இருப்பவனுக்கு நாடு முழுதும் திறந்து கிடக்கிறது.

இப்பழக்கம் புதியதும் அன்று. 1995-இல் அந்நாட்டு இரயில்வே 15 மார்க்கு விலையில் ஒரு வார இறுதிச் சீட்டு வெளியிட்டது. ஒரே சீட்டில் ஐவர் சேர்ந்து வட்டார வண்டிகளில் செல்லலாம். பின்னர் விலை உயர்ந்து, 2019-இல் அச்சீட்டு நின்றுபோயிற்று. எனினும், ஐவர் வரை சேர்ந்து செல்லும் மாநிலச் சீட்டுகள் இன்றும் உண்டு. காசில்லாத மாணவன் தனியே போக இயலாது. நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டால் இயலும். சீட்டின் விலையே நட்பைத் தேடச் செய்கிறது. நாமும் இரயில்வேக்காரர்களே, இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தங்குமிடத்திற்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளியாசிரியர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் மாணவரைக் கால்நடையாகச் சுற்றுலா அழைத்துச் சென்றார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒதுங்கி இரவைக் கழித்தனர். விடுமுறையில் வெறுமனே கிடக்கும் பள்ளிகளை மாணவர் தங்கும் இல்லங்களாக்கினால் என்ன என்று அவ்வாசிரியர் அன்றிரவு எண்ணினார். சில ஆண்டுகளில் ஆல்ட்டெனா என்னும் ஊர்க் கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. அவ்வியக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஒரு மழை இரவில் ஓர் எளிய ஆசிரியர் நெஞ்சில் தோன்றிய எண்ணம், நூறாண்டுக்குப் பின் நம் பிள்ளைகளுக்கும் கூரையாகிறது.

மேலும், ஞாயிற்றுக்கிழமையில் அந்நாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். 1919-இல் வைமார் நகரில் நிறைவேறிய அரசியலமைப்பு ஞாயிறை ஓய்வு நாளாகக் காத்தது. இன்றைய அரசியலமைப்பிலும் அவ்விதி நின்று நிலவுகிறது. கடையில்லை, சந்தையில்லை; வகுப்புமில்லை. வெளியே பனி. அறையில் தனியே இருக்கும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு அந்நாள் எத்துணைக் கொடியது! "அப்பா, முதல் நான்கு ஞாயிறும் அறைக்குள் அழுதுகொண்டிருந்தேன், உங்களிடம் சொல்லவில்லை," என்று அவள் பின்னர்க் கூறியபோது, கணக்குத் தாளில் வராத செலவு ஒன்று உண்டு என்பதை உணர்ந்தேன்.

அவளோடு பயணம் செய்தவர்கள் ஐவர்: கொலம்பியா நாட்டு இளைஞர் ஒருவர், வியட்நாம் பெண் ஒருத்தி, ஜெர்மன் மாணவர் இருவர், ஐந்தாமவர் ஒரு வங்கப் பெண். அப்பெண்ணின் ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? மிட்னாப்பூர்! நம் கரக்பூரிலிருந்து வண்டியேறினால் அரைமணிக்குள் சென்றுவிடலாம். இருவரும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள். இங்கிருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஏழு கடல் தாண்டிச் சென்று, குளிரில் ஒரு சிறு நிலையத்து மேடையில் தவறிய இணைப்பு வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தபோதுதான், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் அறிந்தனர். இது கேட்டு முதலில் நகைத்தேன். பின்னர் நாணினேன்.

அவர்கள் கண்ட ஊர்கள் பல. இரண்டை மட்டும் கூறுகிறேன்.

யேனா நகரின் வழியே ஓடும் சாலே ஆற்றங்கரையிலேயே, வடக்கே, ஹாலே என்னும் நகரம் உள்ளது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் பயின்ற ஊர் அது. இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் அவ்வூரில்தான் அச்சாயிற்று. அங்குள்ள பிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றளவும் பேணப்படுகின்றன. தஞ்சைக் கடற்கரையில் எழுதப்பட்ட ஓலை, முந்நூறு ஆண்டுகளாக ஒரு ஜெர்மன் நகரத்தில் காக்கப்படுகிறது! அன்று என் மகளிடம் தோழர்கள் கேட்டார்களாம்: "உன் பெயரை உன் எழுத்தில் எழுதிக் காட்டு." ஐவர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தாளாம். இச்சங்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ் கற்பித்த ஆசிரியப் பெருமக்களே, உங்கள் உழைப்பு அங்கே பயன்பட்டது.

மற்றோர் ஊர் வைமார். யேனாவிலிருந்து வண்டியில் அரைமணிக்குட்பட்ட வழி. கதே, ஷில்லர் என்னும் பெருங்கவிஞர்கள் வாழ்ந்த நகர். அந்நகரை அடுத்த குன்றின்மேல்தான் புக்கன்வால்டு என்னும் வதைமுகாம் 1937 முதல் 1945 வரை இருந்தது. இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ 56,000 பேர் மாண்டனர். வாயிற் கோபுரத்துக் கடிகாரம் இன்றும் மூன்றேகால் மணியையே காட்டி நிற்கிறது. 1945 ஏப்ரல் 11-ஆம் நாள் விடுதலை வந்த நேரம் அது. கவிஞர் வாழ்ந்த ஊருக்கருகே கொடுமையும் வாழ்ந்தது. அந்நாட்டார் அதை மறைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகின்றனர். கூட வந்த ஜெர்மன் மாணவர்கள் இருவரும் திரும்பும் வழியெல்லாம் பேசவேயில்லையாம். "எங்கள் தாத்தாக்கள் காலத்தில் நடந்தது" என்று மட்டும் ஒருவர் கூறினாராம்.

அப்போது அந்த வங்கப் பெண் மெல்லச் சொன்னாளாம்: "எங்கள் ஊருக்கருகேயும் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. அதன் பெயர் ஹிஜிலி."

அன்றிரவு மகள் என்னை அழைத்தாள். "அப்பா, நம் வீட்டிலிருந்து ஹிஜிலி முகாம் எவ்வளவு தொலைவு?"

"சைக்கிளில் அரைமணிதான்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பெரியோர்களே, அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஐ.ஐ.டி. வாயில் வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். 1930-இல் வெள்ளையர் அங்கே விடுதலை வீரர்களைச் சிறை வைத்ததையும், 1931 செப்டம்பர் 16-ஆம் நாள் கையில் படைக்கலம் இல்லாத கைதிகள்மீது காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் மாண்டதையும், அவர்தம் உடல்களைப் பெற நேதாஜி வந்ததையும், இரவீந்திரநாத் தாகூர் அக்கொடுமையைக் கண்டித்துக் குரல் எழுப்பியதையும் யான் அறியேன். நாடு உரிமை பெற்றபின் 1951-இல் அதே கட்டடத்தில்தான் இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. வகுப்புகளைத் தொடங்கிற்று என்பதையும் அறியேன். இருபத்தெட்டு ஆண்டுகள் இவ்வூர்ச் சோற்றை உண்டவன் அறியாததை, ஜெர்மனியில் ஓடும் ஒரு பாசஞ்சர் வண்டியில் என் மகள் அறிந்தாள்!

எனக்கு ஆண்டுதோறும் மூன்று இலவசப் பயணச் சீட்டுகள் உரிமையாக உண்டு. அவை அனைத்தையும் ஊருக்குப் போகவும் வரவுமே செலவிட்டேன். பிழை என்று கூறேன். அங்கே என் தாயார் இருக்கிறார். ஆயினும், இங்கே வாழ்ந்த நாள்களில் யான் எங்கே வாழ்ந்தேன்? குவார்ட்டர்ஸ், அலுவலகம், கோல்பசாரில் காய்கறிக் கடை, இச்சங்கம். இந்நான்குதான் என் வங்காளம். பக்கத்து வரிசையில் குடியிருக்கும் வங்கக் குடும்பத்தோடு "நமஸ்கார்" என்பதற்கு மேல் பேசியதில்லை. அயல்நாடு சென்ற மகள் ஆறே மாதத்தில் அயலாரைத் தோழராக்கினாள். யானோ இருபத்தெட்டு ஆண்டுகளாக அயலானாகவே இருந்தேன்.

அதற்குப் பின் வந்த கோடை விடுமுறையில் மகள் வந்தாள். அவளைக் காண மிட்னாப்பூர்ப் பெண்ணும் தன் பெற்றோருடன் எங்கள் இல்லம் வந்தாள். அவள் தந்தையார் பள்ளியாசிரியர். இரு குடும்பமும் ஒரு ஞாயிறன்று ஹிஜிலிக்குச் சென்றோம். அவ்வாசிரியர் வங்க மொழியில் விளக்க, யான் என் அரைகுறை வங்காளத்தில் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு காலை வண்டியில் விஷ்ணுபுரம் சென்றோம். நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த வழி. மல்ல மன்னர் எழுப்பிய கோவில்களைக் கண்டோம். 1643-இல் எழுந்த சியாம்ராய் கோவில். 1655-இல் எழுந்த ஜோர்பங்களா. கல் அரிதான நாட்டில் மண்ணைச் சுட்டுச் செங்கல்லிலே இராமகாதையைச் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோவிலைக் கண்டு வளர்ந்த கண்கள் அங்கும் விரிந்தன. என் மனைவி பாலுச்சரிப் புடவைக் கடையில் நின்ற நேரத்தை ஈண்டுக் கூறினால் இல்லத்தில் எனக்கு உணவு கிடைக்காது!

இனி, பெற்றோர்க்கு இரண்டொரு சொல். பிள்ளை அயல்நாட்டில் வார இறுதியில் வெளியே செல்வதைக் கேட்டதும் சினங்கொள்ளாதீர். "எங்கே?" என்று மட்டும் கேளாதீர், "யாரோடு? என்ன கண்டாய்?" என்றும் கேளுங்கள். முதல் கேள்வி காவற்காரன் கேட்பது. மற்றவை தோழன் கேட்பவை. யான் முதற்கேள்வியோடு நின்றதால், என் மகள் நான்கு ஞாயிறு அழுததை அறியாது போனேன்.

பிள்ளைகளுக்கும் சில சொல். படிப்பை முடித்துப் பயணம் செல்க. பயணத்தை முடித்துப் படிக்கலாம் என்று எண்ணற்க. என் மகள் வெள்ளி இரவு நூலகம் மூடும்வரை இருந்த பின்னரே சனிக்கிழமை வண்டியேறினாள். வேலைக்கும் வரம்பு உண்டு. 2024 மார்ச்சு முதல், அந்நாட்டில் அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். அதற்கு மேல் காசு தேடிப் படிப்பை இழக்கலாகாது. ஜெர்மனியின் குடியிருப்பு உரிமம் உடையவர் ஷெங்கன் உடன்பாட்டு நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை சென்று வரலாம். அப்போது கடவுச்சீட்டும் உரிமமும் கையில் இருக்கவேண்டும். கடைசி வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்க; அதற்கு முந்திய வண்டியிலேயே திரும்புக. இஃது ஓர் இரயில்வேக்காரனின் அறிவுரை. நீச்சல் அறியாமல் ஏரியில் இறங்காதீர். நண்பர் வற்புறுத்தினும் மனம் ஒவ்வாததைச் செய்யாதீர். நம் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் மட்டும் சேர்ந்து சென்று, நம் சோற்றையே உண்டு, நம் படத்தையே பேசித் திரும்பினால், கரக்பூரில் யான் வாழ்ந்த வாழ்க்கையையே அங்கும் வாழ்ந்தவர்கள் ஆவீர்கள். அதை மட்டும் செய்யாதீர்.

இறுதியாக, இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுக்கிறோம், நன்று. மாதம் ஒரு ஞாயிறு, நம் குடும்பங்களும் அயலிலுள்ள வங்க, தெலுங்கு, ஒடியக் குடும்பங்களும் சேர்ந்து, கையில் கட்டுச்சோற்றுடன் ஒரு பாசஞ்சர் வண்டியில் ஏறுவோம். பெருஞ்செலவு வேண்டா. புளியோதரை நம்முடையது; சந்தேஷ் அவர்களுடையது. முதற்பயணம் ஹிஜிலிக்காக இருக்கட்டும். வண்டியும் வேண்டா, சைக்கிள் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம். பட்டியல் எழுதுவது எனக்குப் பழகிய தொழில்.

ஈடு வைத்த மனையை இன்னும் மீட்கவில்லை. மகள் பட்டம் பெற்று அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகிறாள். மாதந்தோறும் கடனை அடைக்கிறாள். ஆனால் அவளிடம் நான் பட்ட கடன் ஒன்றுண்டு: வாழும் ஊரைத் திரும்பிப் பார்க்கச் செய்த கடன். அதனை அடைக்கும் வழி, இங்கே மீதியுள்ள என் ஞாயிற்றுக்கிழமைகளை நன்கு செலவிடுவதே.